முன்சக்கரத்து பிரேக்

மாற்றலாகி வரும் அன்பர்கள் தங்கள் மோட்டார் சைக்கிளைப் பார்சலில் அனுப்ப வரும்போது, தொட்டியிலுள்ள பெட்ரோலை முழுவதும் வடித்துவிடும்படி எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் சொல்வதுண்டு. பிரேக்கைப் பற்றி அவர்கள் கேட்பதுமில்லை, நாங்கள் சொல்வதுமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய வண்டியானால், புதிய ஊரில் ஓட்டத் தொடங்குமுன் முன்சக்கரத்து பிரேக் பேட்டுகளைப் பார்த்துவிடுவது நலம். டிஸ்க் உள்ள வண்டிகளையே இங்குக் குறிப்பிடுகிறேன்; டிரம் வண்டியின் கதை வேறு.

பேட்டில் தேய்மானத்தைக் காட்டும் பள்ளம் மறைந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். மேலும் ஓட்டினால் இரும்போடு இரும்பு உரசி டிஸ்க்கும் பாழாகும்.

பேட்டுகளைத் தாங்கும் ஊசியை முதலில் சற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகு காலிப்பரின் இரு போல்ட்டுகளையும் கழற்றுக. காலிப்பரைக் குழாயில் தொங்கவிடலாகாது. கயிற்றால் கட்டி வைக்கவேண்டும். உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பேட்டுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைப்பதே முறை.

புதிய பேட் தடிமனானது. ஆதலால் பிஸ்டனைத் துடைத்து மெல்ல உள்ளே அழுத்தினாலன்றி டிஸ்க் நுழையாது. அப்போது மேலேயுள்ள கிண்ணத்தில் பிரேக் திரவம் உயரும். வழிந்தால் பெயின்ட் உரிந்துவிடும். பேட்டின் முகத்தில் எண்ணெய்ப் பசையோ கிரீஸோ படவே கூடாது.

நிற்க, இனிச் சொல்வதே முக்கியம். ரயில் வண்டியின் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிறைந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் வண்டி தானே நின்றுவிடும். மோட்டார் சைக்கிளில் நேர்மாறு. அழுத்தம் இல்லையேல் பிரேக்கே இல்லை. பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால், பேட்டுகளைப் பொருத்தியபின் முதன்முறை லீவரைப் பிடித்தால் அது வெறுமையாகக் கைப்பிடி வரை வந்துவிடும். பலமுறை பிடித்து விட்டால்தான் பிஸ்டன் வெளிவந்து பேட்டைத் தொடும். வேலை முடிந்த மகிழ்ச்சியில் இதை மறந்து, பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெருமுனைக்குப் போய் முதன்முதலாக பிரேக்கைப் பிடிப்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள்! லீவர் கல்லைப் போல் கெட்டியாகும் வரையில் சாவியைத் தொடவேண்டாம்.

எத்தனை முறை பிடித்தும் லீவர் மெத்தென்றே இருந்தால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை ஓட்டிச் செல்லாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வருக.