தலைவிதியா? சட்டவிதியா?

1984ம் வருஷம் டிசம்பர் 2ந் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியொன்றில் தண்ணீர் புகுந்து, விஷவாயு கிளம்பி, ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் மாண்டார்கள். எல்லாம் தலைவிதி என்பவர்களைக் கேட்கின்றோம். அத்தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தை மாதக்கணக்காய் நிறுத்தி வைத்தது எந்தக் கடவுள்? வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாயைக் கழற்றி வைத்தது எந்தக் கிரகம்?

நிற்க, 1989ல் சர்க்கார் விதிகள் செய்தார்கள். பெருமளவில் அபாயச் சரக்கு வைத்திருக்கும் ஆலை ஆறு மாதத்திற்கொருமுறை ஆபத்துக்கால ஒத்திகை நடத்த வேண்டும். சுற்றுப்புற ஜனங்களுக்கு அபாயத்தின் தன்மையைத் தெரிவிக்க வேண்டும். ஏட்டில் நல்ல விதிதான். அமுலின் யோக்கியதையோ 2020 மே 7ந் தேதி விசாகப்பட்டினத்தில் வெளியாயிற்று. ஸ்டைரீன் தொட்டி சூடேறிக் கசிந்து 12 பேர் மாண்டார்கள். குளிர் இயந்திரம் இரவில் ஓடவில்லை. உஷ்ணமானி தொட்டியின் அடியில் மட்டுமே இருந்ததால் மேலேயிருந்த சூடு தெரியவில்லை. அபாயச் சங்கும் ஊதவில்லை.

ஆயுதபூஜையில் இயந்திரத்துக்கு இடும் சந்தனப்பொட்டு உஷ்ணத்தை அளக்குமா? பரிசோதகன் கண்தான் அளக்க வேண்டும். அவன் வராவிட்டாலும், வந்து கண்ட குறையை முதலாளி திருத்தாவிட்டாலும், சாகிறவன் மதிலுக்கு வெளியே குடியிருப்பவனே.

ஆகவே தோழர்களே! உங்களூரில் இத்தகைய தொட்டி இருந்தால், கடைசிப் பரிசோதனை எப்போது, கண்ட குறை என்ன, திருத்தியாயிற்றா, ஒத்திகை நடந்ததா என்று 2005ம் வருஷத்திய தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். சர்க்காரும் ஒவ்வொரு பரிசோதனை அறிக்கையையும் கேளாமலே ஊரறிய வெளியிட வேண்டும். உயிர் நம்முடையது, கேட்கும் உரிமையும் நம்முடையதே.