யூதருக்காக வேண்டுதல்: கீழைக்கரைக் கிறித்தவரின் கடனும் எல்லையும்

வேண்டுதல் என்பது தனிமனிதனுக்கும் அவன் வணங்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது எனவும், அதனை ஆராய்வதற்குப் பிறர்க்கு உரிமை இல்லை எனவும் கூறுவோர் உளர். உள்ளறையிற் கதவடைத்து முழந்தாளிட்டுச் செய்யும் வேண்டுதலுக்கு அக்கூற்றுப் பொருந்தலாம். ஆலயத்திற் கூடிப் பலரறியச் செய்யும் வேண்டுதல் அத்தகையதன்று. அஃது ஊரின் காதில் விழுகின்றது. ஊரவர் ஒருவரையொருவர் நோக்கும் நோக்கினை மாற்றவும் வல்லது. ஆகவே அதன் நன்மை தீமைகளை ஆராய்தல் ஊரார் அனைவர்க்கும் உரியதே.

அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, சைவர் பெரும்பான்மையாக வாழும் தம்பிலுவில் போன்றதோர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய ஊரொன்றில் சிறு தொகையினரான கிறித்தவர் தம் வழிபாட்டில் 'இஸ்ரவேல்' என்னும் பெயரை உச்சரிக்கும்போது, சைவ அயலவர் அதனை ஒருவாறு கேட்கின்றனர். வடக்கே அக்கரைப்பற்று முதற் கல்முனை வரை பரந்து வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வேறொருவாறு கேட்கின்றனர். கிறித்தவருக்கு அது வேதாகமப் பெயர். முஸ்லிம் அயலவருக்கோ அது நாள்தோறும் செய்தியில் வரும் ஓர் அரசின் பெயர். இந்நிலையிற் கிறித்தவர் யூதருக்காகவும் அவர்தம் தாயகத்திற்காகவும் வேண்டலாமா என்னும் வினா எழுகின்றது. வேண்டலாம் என்பது மட்டுமன்று, வேண்டுதல் அவர்தம் கடன் என்பதே அதற்குரிய விடை. ஆயின் அவ்வேண்டுதல் ஓர் அரசின் படைக்கலங்களுக்குக் கூறும் ஆசியாக மாறுமாயின், அது வேண்டுதலும் அன்று. யூதருக்கு நன்மை பயப்பதும் அன்று.

இவ்வினா இக்கரைக்குத் தொலைவிலுள்ளதெனக் கருதுவோர் அண்மைக்கால வரலாற்றை மறந்தவராவர். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இஸ்ரேலுடனான தூதுறவை நிறுத்தியது. 1984இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு, கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் நிழலில் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவொன்று இயங்க இடமளித்தது. இஸ்ரேலியப் பயிற்றுநர் வந்தனர். விசேட அதிரடிப்படையின் முகாம்கள் அம்பாறைக் கரையெங்கும் எழுந்தன. அப்பிரிவை முஸ்லிம்கள் எதிர்த்துக் குரலெழுப்பினர். மறுபுறத்தே, ஈரோஸ் இயக்கத்துத் தமிழிளைஞர் சிலர் லெபனானிற் பலஸ்தீனரிடம் ஆயுதப் பயிற்சி பெற்றிருந்தனர். 1990இற் பிரேமதாசவின் அரசு அப்பிரிவை மூடியது. 2000இல் உறவு மீண்டும் தொடங்கியது. 2024 ஒக்டோபரில், இஸ்ரேலியப் பயணிகள் பெருமளவிற் கூடும் அறுகம்குடாவில் தாக்குதல் நிகழக்கூடுமென அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. தம் குடிமக்களை அவ்விடம் விட்டு நீங்குமாறு இஸ்ரேல் பணித்தது. தம்பிலுவிலின் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் வீதியே அறுகம்குடாவுக்கும் இட்டுச் செல்கின்றது.

இவ்வரலாற்றைச் சுட்டிக்காட்டி, யூதருக்காகக் கிறித்தவர் வாய்திறத்தலே ஆகாது என்பர் ஒரு சாரார். இக்கூற்று நல்லெண்ணத்தாற் பிறந்ததாயினும் பிழையானது. கிறித்தவ சமயத்திலிருந்து யூதரை நீக்கிவிடின் எஞ்சுவது யாது? இயேசு யூதத் தாயின் மகன். எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர். யூதரின் தொழுகைக்கூடத்தில் வேதம் வாசித்தவர். 1814இல் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்தப் போதகர் மட்டக்களப்பில் வந்திறங்கிய காலந்தொட்டு இப்பகுதிச் சீர்திருத்தச் சபையார் பாடிவரும் சங்கீதங்கள் யூதரின் பாடல்கள். அல்லேலூயா, ஓசன்னா, ஆமென் என்பன யூதரின் சொற்கள். சீயோன், பெத்தேல், எபெனேசர் எனத் தமிழ்ச் சபைகள் தாங்கும் பெயர்கள் யூதரின் நிலத்துப் பெயர்கள். புறவினத்தாரான கிறித்தவர் ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட காட்டுக்கிளை எனவும், கிளை வேரை நோக்கிப் பெருமை பேசலாகாது எனவும் பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினோராம் அதிகாரம் எச்சரிக்கின்றது. பெற்றதை மறவாமையே இவ்வேண்டுதலின் முதற் காரணம்.

இரண்டாவது காரணம் இதனினும் கடுமையானது. வேரை நோக்கிப் பெருமை பேசியதோடு கிளை நின்றுவிடவில்லை; வேரை வெட்டவும் முனைந்தது. 1096இற் சிலுவைப்போருக்குப் புறப்பட்டோர் வழியிலே இரைன் ஆற்றங்கரை யூதரைக் கொன்றனர். 1290இல் இங்கிலாந்தும் 1492இல் ஸ்பானியாவும் யூதரைத் துரத்தின. 1543இல் மாட்டின் லூதர் எழுதிய நூலொன்று அவர்தம் தொழுகைக்கூடங்களைத் தீயிடுமாறு தூண்டியது. பெரிய வெள்ளியன்று யூதருக்காகக் கத்தோலிக்கத் திருச்சபை செய்துவந்த வேண்டுதலில் அவர்களை நம்பிக்கைத் துரோகிகள் எனப் பொருள்கொள்ளத்தக்க சொல்லொன்று நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. 1959இலேயே பாப்பரசர் இருபத்துமூன்றாம் யோவான் அதனை நீக்கினார். இயேசுவின் மரணப்பழியை யூத இனம் முழுவதன்மீதும் சுமத்தலாகாதென இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965இலேயாம். இவ்விரண்டுக்கும் முன்னரே ஐரோப்பாவில் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டுவிட்டனர். கொன்றோருட் பெரும்பாலார் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களிற் பிறந்தவர்.

இதற்கு மாறானதொரு வரலாறு தமிழுக்கு அண்மையில் உண்டு. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர இரவி, யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு உரிமைகள் வழங்கிப் பட்டயம் பொறித்தான். அதன் எழுத்து வட்டெழுத்து. கேரளத்து யூதர் இந்து மன்னரின் நிழலில் நூற்றாண்டுகளாக வாழ்ந்தனர். அவர்களைத் துன்புறுத்தியவர் கடல்கடந்து சிலுவையுடன் வந்த போர்த்துக்கேயரே. யூதருக்காக வேண்டும் கிறித்தவன் முதலில் இவ்வரலாற்றை அறிக்கையிடுதல் வேண்டும். அவ்வேண்டுதல் சலுகையன்று, பட்ட கடனைத் தீர்க்கும் முயற்சி.

2023 ஒக்டோபர் 7ஆம் நாள் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்டோருள் அங்குத் தொழில் செய்யச் சென்ற இலங்கையரும் இருந்தனர். அவர்களுக்காகத் துயருறுதல் கட்சி சார்ந்த செயல் என்பார், துயரத்தையே கட்சிக்கு அடகு வைத்தவர்.

இனி, மறுசாராரை நோக்குதல் வேண்டும். இஸ்ரேல் அரசு செய்வன யாவும் இறைவனின் திட்டமெனவும், அதனை ஆதரித்தலே வேண்டுதல் எனவும் இவர்கள் போதிக்கின்றனர். இப்போதனை தொன்மையானதன்று. 19ஆம் நூற்றாண்டில் யோன் நெல்சன் டார்பி முதலியோரால் வளர்க்கப்பட்டு, அமெரிக்கா வழியாகப் பரவி, இன்று தமிழ்ச் சபைகள் பலவற்றிலும் ஒலிக்கின்றது. யூதர் தம் நிலத்திற் கூடுதல் உலக முடிவின் அடையாளம் என்பர். அதன்பின் அவருட் பெரும்பகுதியினர் பேரழிவில் மாள்வர், எஞ்சியோர் கிறித்துவை ஏற்பர் என்பதும் இக்கொள்கையை விரித்துரைத்தோர் பலரின் கூற்று. இதில் யூதர்மீது அன்பு எங்கே உளது? தம் சமயக் கணக்கை நிறைவுசெய்யும் காய்களாகவே அவர்கள் நகர்த்தப்படுகின்றனர். அன்று வெறுத்தோர் யூதரை மனிதராக நோக்கவில்லை. இன்று இவ்வாறு புகழ்வோரும் அவர்களை மனிதராக நோக்கவில்லை.

இவர்கள் எடுத்தாளும் வேதமே இவர்களுக்கு எதிராகச் சான்று பகர்கின்றது. நூற்றிருபத்திரண்டாம் சங்கீதம் எருசலேமின் அமைதியை வேண்டச் சொல்கின்றதே அன்றி, அதன் வெற்றியை வேண்டச் சொல்லவில்லை. எரேமியாவின் இருபத்தொன்பதாம் அதிகாரம், சிறைபிடிக்கப்பட்டுப் பாபிலோனுக்குச் சென்ற யூதரை நோக்கி, அப்பகை நகரின் நலனுக்காகவே மன்றாடும்படி பணிக்கின்றது. ஆமோஸ் தீர்க்கதரிசி அயல்நாடுகளின் கொடுமைகளை வரிசைப்படுத்தி, அதே மூச்சில் யூதாவையும் இஸ்ரவேலையும் குற்றவாளிக்கூண்டில் நிறுத்துகின்றார். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து கொணர்ந்த இறைவனே பெலிஸ்தரையும் அவர்தம் நிலத்திற்குக் கொணர்ந்தான் என்றும் உரைக்கின்றார். பலஸ்தீனம் என்னும் பெயர் பெலிஸ்தரின் பெயரிலிருந்தே பிறந்தது. மன்னரைக் கண்டித்த தீர்க்கதரிசிகளை யூதரே தம் வேதத்திற் பேணிக் காத்தனர். அத்தகைய மக்களை நேசிப்பவன் அவர்தம் ஆட்சியாளரின் பிழைகளுக்கு ஆமென் சொல்லான்.

தாயகம் என்பது இவ்விவாதத்தின் கடினமான பகுதி. நூற்றாண்டுகளாகத் துரத்தப்பட்ட மக்கள் அஞ்சாது வாழ ஓரிடம் நாடுதல் நியாயம் என்பதை ஈழத் தமிழருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அவ்விடத்தை அமைக்கும்போது முன்னர் வாழ்ந்தோர் வெளியேற்றப்படின் அது நியாயமன்று என்பதையும் அவர்களுக்குக் கற்பிக்கத் தேவையில்லாதிருத்தல் வேண்டும். 1917இற் பல்பர் பிரகடனம் யூதருக்குத் தேசிய வாழிடத்தை வாக்களித்தபோதே, அங்கு வாழும் ஏனையோரின் உரிமைகளுக்கு ஊறு நேரலாகாதெனவும் கூறியது. 1948இல் ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர் வீடிழந்தனர். அவர்களுட் கிறித்தவரும் இருந்தனர். 2023 ஒக்டோபரிற் காஸாவின் தொன்மையான புனித போர்பிரியுஸ் ஆலய வளாகம் தாக்கப்பட்டபோது அங்குத் தஞ்சம் புகுந்திருந்த கிறித்தவர் மாண்டனர். 2025 ஒக்டோபர்ப் போர்நிறுத்தத்துக்கு முன்னரே காஸாவின் சாவுத்தொகை 60,000ஐக் கடந்துவிட்டதென அப்பகுதிச் சுகாதார அமைச்சுக் கணக்கிட்டது. அப்பலஸ்தீனக் குரலை 1981இற் 'பலஸ்தீனக் கவிதைகள்' என்னும் மொழிபெயர்ப்புத் தொகுப்பின் வாயிலாகத் தமிழுக்குத் தந்தவர் கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் ஆவார். இக்கரையில் வாழும் கிறித்தவன் சங்கீதத்தை ஒரு கையில் ஏந்துவானாயின், மறுகையில் அத்தொகுப்பை ஏந்துதல் முறையாகும்.

ஒருவர் பட்ட காயம் இன்னொருவரைக் காயப்படுத்தும் உரிமையாகாது என்பதற்கு இக்கரையே சான்று. 1985 ஏப்ரலிற் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1990 ஓகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே திங்களில் வீரமுனையிற் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் தம் தாயகத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பிற் குண்டுக்கு இரையான ஆலயத்தின் பெயர் சீயோன். மாண்டோருட் பலர் சிறுவர். அதன்பின் கிறித்தவர் சிலர் முஸ்லிம்கள் அனைவரையும் பகைவரெனக் கொண்டு, பகைவரின் பகைவர் என்னும் முறையில் இஸ்ரேலைத் துணையாகக் கருதத் தலைப்பட்டனர். இதனினும் பெரிய பிழை வேறில்லை. குண்டு வைத்தோர் ஒரு சிறு கூட்டத்தினர். கல்முனைச் சந்தையில் இப்ராஹீம் என்றும் யாகூப் என்றும் தாவூத் என்றும் பெயர் தாங்கிக் கடை நடத்துவோர் அவரல்லர். அப்பெயர்களோ ஆபிரகாம், யாக்கோபு, தாவீது என்னும் யூதப் பெயர்களே.

வேண்டுதல் எத்தகையதாதல் வேண்டும் என்பதற்குத் தம்பிலுவிலிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அங்குள்ள கண்ணகி அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் வைகாசியிற் குளிர்த்திச் சடங்கு நிகழ்கின்றது. அநீதிக்கு உள்ளாகி மதுரையை எரித்தவளின் சினத்தை அவ்வூரார் மறுப்பதில்லை. அச்சினத்தைப் பிறர்மீது ஏவுவதும் இல்லை. அதனைக் குளிர்விக்குமாறே வேண்டுகின்றனர். எரித்தபோதும் முதியோரையும் குழவிகளையும் விட்டுவிடும்படி தீக்கடவுளைப் பணித்தாள் கண்ணகி என்கின்றது சிலப்பதிகாரம். நியாயமான சினத்திற்கும் எல்லை உண்டென்பதைச் சைவ அயலவரிடமிருந்து கற்றல் கிறித்தவருக்கு இழுக்கன்று.

ஆதலின் கீழைக்கரைக் கிறித்தவர் யூதருக்காக வேண்டுவாராக. அவர்கள் எந்நாட்டிலும் யூதர் என்பதற்காக அஞ்சாது வாழவும், அவர்தம் குழந்தைகள் அபயவொலியின்றி உறங்கவும், எருசலேம் அமைதியுறவும் வேண்டுவாராக. அதே வேண்டுதலில், அதே குரலில், காஸாவின் குழந்தைகளையும் பெயர்சொல்லி வேண்டுவாராக. கதவைத் திறந்துவைத்தே வேண்டுவாராக. வீதியிற் செல்லும் முஸ்லிம் அயலவர் அதனைக் கேட்டு அச்சமோ அவமதிப்போ அடையாது நின்று செவிசாய்க்கக்கூடுமாயின் அது வேண்டுதல். கேட்டவர் நடையை விரைவுபடுத்திக்கொண்டு விலகிச் செல்வாராயின், ஆலயத்தினுள் ஒலித்தது அரசியல் முழக்கம் என்பதைச் சபையார் உணர்தல் வேண்டும்.