தங்கும் அறைக்கும் சாதி கேட்பதா?

வைகுண்ட ஏகாதசி நெருங்கினால் ஸ்ரீரங்கத்தில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. பகல் பத்து, இராப் பத்து என்று மார்கழி விழாவே இருபது நாள்களைத் தாண்டும். அது முடிந்தால் தைத் தேர், பிறகு சித்திரைத் தேர், ஆடிப்பெருக்கு, அமாவாசைக்கு அம்மா மண்டபத்தில் திதி கொடுக்க வரும் கூட்டம். அறநிலையத் துறை பஞ்சக்கரையில் கட்டிய யாத்ரி நிவாஸ் 2014-இல் திறக்கப்பட்டது. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகளுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் தங்க வேண்டும் என்பதுதான் வருகிறவர்களின் விருப்பம்.

இந்த விருப்பம் இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. சென்னையிலோ வெளிநாட்டிலோ வேலை பார்ப்பவர்கள் முதலீடாக வாங்கிப் போட்ட அடுக்குமாடி வீடுகளும், பிள்ளைகள் வெளியூர் போனபின் பூட்டிக் கிடந்த பழைய வீடுகளும் ‘ஹோம் ஸ்டே’, ‘சர்வீஸ் அபார்ட்மென்ட்’ என்ற பெயரில் நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. கணக்கு எளிது. மாதம் 12,000 ரூபாய்க்கு விடக்கூடிய வீட்டை நாளொன்றுக்கு 2,000 ரூபாய்க்கு விட்டால், பத்து நாள் ஆள் வந்தாலே 20,000 ரூபாய். சொந்த வீட்டை வைத்து ஒருவர் சம்பாதிப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.

நம் ஆட்சேபம், வாடகை பேசுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள் பற்றியது. எந்த ஊர், எத்தனை பேர் என்று கேட்பது நியாயம். அதற்கு அடுத்து “பூர்வீகம் எது?”, “நீங்க என்ன ஆளுங்க?” என்று பேச்சு நகர்கிறது. பதில் பிடிக்காவிட்டால், “இப்பதான் வேற ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்தாங்க” என்று தொலைபேசி வைக்கப்படுகிறது. மாத வாடகைக்கு விடும் வீடுகளில் ‘பிராமணர்களுக்கு மட்டும்’ என்று வெளிப்படையாகவே எழுதிப் பழகியவர்கள் நாம் வாழும் நகரங்களில் உண்டு. அந்தப் பழக்கம் இப்போது ஓர் இரவு தங்கும் அறைக்கும் வருகிறது.

வீடா, விடுதியா?

“என் வீடு, யாருக்கு விடுவது என்பது என் விருப்பம்” என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் பதில். குடியிருக்கும் வீட்டுக்குள் யாரை விருந்துக்கு அழைப்பது என்பது அவரவர் விருப்பம்தான். ஆனால் விளம்பரம் செய்து, கட்டணம் நிர்ணயித்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அறை கொடுக்கிற இடம் விருந்து வீடு அல்ல. சட்டத்தின் கண்ணில் அது விடுதி.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் நுழைய சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. இதில் ‘கடை’ என்றால் என்ன என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. 1948 நவம்பர் 29 அன்று அண்ணல் அம்பேத்கர் அதற்குப் பதில் சொன்னார். தேடி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தரத் தயாராக இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். 2011-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு கல்லூரிச் சேர்க்கை வழக்கில் இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, அச்சொல்லுக்கு விரிந்த பொருள் கொடுத்தது.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவானது. அதன் 2-ஆம் பிரிவு ‘ஹோட்டல்’ என்ற சொல்லுக்குள் தங்கும் விடுதியையும், உணவோடு தங்க வைக்கும் இல்லத்தையும் சேர்க்கிறது. தீண்டாமை காரணமாக அங்கே ஒருவரைத் தடுத்தால், 4-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தடுக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு தடுத்தவருடையது. நம் மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய பிரிவு இது.

“வீட்டுச் சூழல், ஆச்சாரம்” என்று பேசுகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம் ஸ்டே திட்டப்படி, உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். அறைகள் ஆறுக்கு மேலும், படுக்கைகள் பன்னிரண்டுக்கு மேலும் போகக் கூடாது. உரிமையாளர் எங்கோ இருக்க, காவலாளியிடம் சாவி இருக்கும் முதலீட்டு வீடு இந்த வரையறைக்குள்கூட வராது. யாருமே குடியிருக்காத வீட்டில் யாருடைய ஆச்சாரம் கெடுகிறது?

பரோடாவிலிருந்து இன்றுவரை

தங்க இடம் மறுக்கப்படுவதன் வலி அம்பேத்கருக்கு ஏட்டறிவு அல்ல. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அவர், 1917-இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனார். இந்து விடுதியில் இடம் கிடைக்காது என்று தெரிந்து பார்சி விடுதி ஒன்றுக்குச் சென்றார். பார்சி அல்லாதவர் தங்க முடியாது என்றதால், பதிவேட்டில் ஒரு பார்சி பெயரை எழுதித் தங்கினார். நாள் வாடகை ஒன்றரை ரூபாய். பதினோராம் நாள் காலை கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. அந்த ஊரில் இருந்த இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் தங்கள் வீட்டில் இடம் தர முடியாத நிலையைச் சொன்னார்கள். பூங்காவில் நேரத்தைக் கழித்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்த படிப்பால் ஓர் அறையைப் பெற்றுத் தர முடியவில்லை.

நம் ஊருக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார், ரங்கத்தை மிதிக்கக் கூடாது என்று காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் அவர் மீது கல்லெறிந்தார். பின்னர் அரங்கன் ஆணைப்படி அவரையே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோனார். இந்தக் கதையை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். அதே உறையூரிலிருந்து அதே குலத்தவர் இன்று ஆற்றுப் பாலம் தாண்டி வந்து அறை கேட்டால் என்ன பதில் கிடைக்கும்?

2012-இல் ஸ்ரீரங்கத்தில் ஓர் உணவகம் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதியபோது திராவிடர் கழகம் எதிர்த்துப் போராடியது. அப்போது எதிர்க்க ஒரு பலகை கண்முன் இருந்தது. இன்று பலகை கிடையாது. செயலியில் பெயரும் படமும் தெரிகின்றன. அதைப் பார்த்து உரிமையாளர் சத்தமில்லாமல் மறுத்துவிடலாம்.

பெயரைப் பார்த்து மறுப்பது நம் நாட்டோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 2015-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏர்பிஎன்பி தளத்தில் சுமார் 6,400 வீட்டுக்காரர்களிடம் அறை கேட்டுப் பார்த்தார்கள். எல்லா விவரமும் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. கறுப்பினத்தவர் பெயருக்கு இசைவு கிடைப்பது 16 சதவீதம் குறைந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அந்த நிறுவனம் 2016-இல் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளைக் கொண்டுவந்தது. 2018-இல், முன்பதிவை ஏற்ற பிறகே விருந்தினர் படம் தெரியும்படி மாற்றியது. டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடுவோர் பற்றி சுகதேவ் தோரட் குழுவினர் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. அதிலும் உயர்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் மூடியது.

சைவம் என்ற சல்லடை

‘சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும்’ என்பது இன்னொரு வடிவம். இதில் நாம் நிதானமாகப் பேச வேண்டும். அறைக்குள் இறைச்சி சமைக்காதீர்கள், மது அருந்தாதீர்கள் என்பது நடத்தை விதி. எல்லாச் சாதிக்கும் அது ஒன்றாகப் பொருந்தினால் எதிர்க்க ஒன்றுமில்லை. ஆனால் ‘சமைக்கக் கூடாது’ என்பதற்கும் ‘சாப்பிடும் சாதி வரக் கூடாது’ என்பதற்கும் தூரம் அதிகம். அறையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் விதி. வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் அது சாதி விசாரணை.

‘குடும்பங்களுக்கு மட்டும்’ என்பதையும் கவனிக்க வேண்டும். சாதி மறுத்துத் திருமணம் செய்யும் இணையர்களுக்கு ஓர் இரவு பாதுகாப்பான அறை என்பது உயிர்ப் பிரச்சினை. திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில், கோவை விடுதி ஒன்றுக்கு வைக்கப்பட்ட சீலை அகற்றச் சொன்ன வழக்கில் தெளிவுபடுத்தியது.

துடைப்பவர் யார், உடைமை யாருக்கு?

இந்த அறைகளைக் கூட்டித் துடைப்பதும், படுக்கை விரிப்புகளைத் துவைப்பதும், கழிப்பறை கழுவுவதும் பெரும்பாலும் நம் பெண்கள்தான். அவர்கள் கைபட்ட விரிப்பில் படுக்கலாம். அவர்கள் விருந்தினராக வந்து படுக்கக் கூடாது என்றால், இது தூய்மை பற்றிய கவலை அல்ல.

உடைமைப் பக்கமும் இருக்கிறது. கோயிலைச் சுற்றிய வீதிகளில் வீடு வாங்க நமக்கு வழியில்லாததால், யாத்திரிகர் பணத்தில் நம் பங்கு கூலியாக மட்டுமே வருகிறது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் சேவைத் தொழிலுக்கும் 35 சதவீத மூலதன மானியமும், 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. மானிய உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய். விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். படித்துவிட்டு ஊரில் இருக்கும் நம் இளைஞர்கள் தங்கும் விடுதித் தொழிலையும் யோசித்துப் பார்க்கலாம். யாரையும் சாதி கேட்காத ஒரு விடுதியை நாமே நடத்திக் காட்டலாம்.

செய்ய வேண்டியவை

அறை மறுக்கப்பட்டால் முகம் தொங்கிப் போய்த் திரும்ப வேண்டாம். விளம்பரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அழைத்த நேரம், பேசியவர் சொன்னது ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். முடிந்தால், வேறு சாதி நண்பர் ஒருவர் அதே நாளுக்கு அதே அறையைக் கேட்டுப் பார்க்கட்டும். அவருக்குக் கிடைத்தால் அதுவே வலுவான சான்று. காவல் துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவிலும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். 14566 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது இரண்டு. நாள் வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு வீடும் பதிவு செய்யப்பட வேண்டும்; சாதி, மதம் கேட்டு அறை மறுத்தால் பதிவு ரத்தாகும் என்பது அந்தப் பதிவின் நிபந்தனையாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனையும் புகார் எண்ணும் ஒவ்வொரு விடுதி வாசலிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். அடுத்த வைகுண்ட ஏகாதசிக்குள் இதைச் செய்ய புதுச் சட்டம் தேவையில்லை. 1955-இல் இயற்றிய சட்டத்தை நடைமுறைப்படுத்தினால் போதும்.