46-ஆம் நம்பர் சீட்டு

வீட்டு ரவுட்டர்ல 'க்யூஓஎஸ்'னு ஒரு பக்கம் இருக்கும். அதுல போய் வீடியோ காலுக்கு 'மிக அவசரம்'னு குறி போட்டுட்டா பிரச்சனை தீர்ந்ததுன்னு நம்ம நண்பர்கள் பல பேர் நம்பறாங்க. தீராது சாமி. ஏன்னு சொல்றேன்.

ஒவ்வொரு ஐபி பாக்கெட்டோட தலைப்பகுதியிலயும் இதுக்குன்னே ஒரு பைட் உண்டு. 1981-லயே இடம் ஒதுக்கிட்டாங்க. 1998-ல அதைத் திருத்தி, அதுல 6 பிட்டுக்கு டிஎஸ்சிபி-ன்னு பேர் வெச்சாங்க. 0-லேருந்து 63 வரைக்கும் எண். 0-ன்னா சாதா. 46-ன்னா 'குரல் போகுது, முன்னாடி விடுங்கப்பா'ன்னு அர்த்தம். அவ்வளவுதான், அது ஒரு சீட்டு. சீட்டைப் பார்த்து வழிவிட ஒருத்தர் நிக்கணும். சிறப்பு தரிசனச் சீட்டு கோயிலுக்குள்ள செல்லும். அதையே அறுபத்துமூவர் அன்னிக்கு மயிலாப்பூர் மாடவீதியில தூக்கிக் காட்டிப் பாருங்க :-)

வீட்டைத் தாண்டினதும் பல கம்பெனிகள் அந்த எண்ணை அழிச்சு 0 ஆக்கிடும். எனக்கு அதுல கோவம் இல்ல. டோரண்ட் மென்பொருளும் தனக்குத்தானே 46 ஒட்டிக்கிட்டா யார் கேக்கறது?

சரி, வீட்டுக்குள்ளயாவது சீட்டு செல்லுமா? இங்கதான் விஷயமே இருக்கு. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் நடுவுல இருக்கற கேபிள் 1000 எம்பிபிஎஸ். பெட்டியிலேருந்து வெளியே போற அப்லோட் 10 எம்பிபிஎஸ்னு வைங்க. ரவுட்டர்ல வரிசையே நிக்காது, வந்ததை அப்படியே தள்ளிடும். வரிசை நிக்கறது அந்தப் பெட்டியில. உஸ்மான் ரோட்டுல ஆளுங்களை ஒழுங்கா பிரிச்சு அனுப்பி என்ன பிரயோஜனம், நெரிசல் ரங்கநாதன் தெரு முனையில இல்ல இருக்கு! பெட்டியில 1 மெகாபைட் தேங்கினா 0.8 செகண்ட் தாமதம். பேச்சுக்கு ஒரு பக்கம் 0.15 செகண்டுக்கு மேல போகாம இருந்தா நல்லதுன்னு ஐடியூ சொல்லுது.

எங்க மந்தைவெளி வீட்டுல, அம்மா அக்காவோட பேசற நேரம் பார்த்துதான் பையனோட போன் அன்னிக்கு எடுத்த வீடியோவையெல்லாம் மேலே ஏத்த ஆரம்பிக்கும். "ஏம்மா திக்கித் திக்கிப் பேசறே, உடம்புக்கு என்ன? மறைக்காம சொல்லு"ன்னு அந்தப் பக்கம் அக்கா அழாத குறை. கம்பெனிக்கு போன் பண்ணினா, "பெரிய பிளானுக்கு மாறிடுங்க சார்". அம்மா குரலுக்கு வேண்டியது 100 கேபிபிஎஸ் கூட இல்லய்யா!

மருந்து வேற. ரவுட்டர்ல அப்லோட் வேகத்தை 10-க்கு பதிலா 9-ன்னு கட்டுங்க. உடனே வரிசை பெட்டியிலேருந்து ரவுட்டருக்கு வந்துடும், அதாவது நம்ம கைக்கு. அதுக்கப்புறம் வரிசையை கோடெல் பார்த்துக்கும். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் 2012-ல வெளியிட்டது. பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்ததுன்னு பார்த்து, நேரம் போனா ஒண்ணைத் தூக்கிப் போட்டு, அனுப்பறவனை நிதானப்படுத்தும். ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டர்ல எஸ்க்யூஎம்-னு தேடுங்க. 2018-ல லினக்ஸுக்குள்ள வந்த 'கேக்' அதுலயே கிடைக்கும். 46-ஆம் நம்பர் சீட்டுக்கும் இங்கதான் மரியாதை. டவுன்லோட் பக்கமும் கொஞ்சம் குறைச்சுக் கட்டலாம், ஆனா அங்க பிடி இவ்வளவு இறுகாது. மலிவு ரவுட்டர்ல பெரிய வேகத்துக்கு இது மூச்சு வாங்கும், அதையும் சொல்லிடறேன்.

என் வீட்டுல யார் பாக்கெட் முதல்ல போகணும்னு நான் முடிவு பண்றது வேற. அதையே கம்பெனி காசு வாங்கிட்டு முடிவு பண்றது வேற. 2015-ல லட்சக்கணக்கான பேர் ட்ராய்க்கு மெயில் போட்டு சண்டை போட்டது இந்த வித்தியாசத்துக்குத்தான். 2016 பிப்ரவரியில பாரபட்சமான கட்டணத்துக்குத் தடை வந்தது. 2018 ஜூலையில வேகத்துல பாரபட்சம் கூடாதுன்னு அரசும் ஏத்துக்கிச்சு. நியாயமான நெரிசல் மேலாண்மைக்கு விலக்கு உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழி விடலாம், ஹாரன் அடிக்கற பென்ஸுக்கு விடக்கூடாது.

கம்பெனிகளை நான் கேக்கறது ஒண்ணுதான்: நீங்க குடுக்கற பெட்டியிலயே கோடெல் போட்டுக் குடுங்களேன்? பெரிய பிளான் விக்காதோ? :-)

உங்க வீட்டுல சோதிக்கணும்னா, ஒரு பெரிய ஃபைலை ஏத்த விட்டுட்டு 8.8.8.8-க்கு பிங் போடுங்க. சும்மா இருக்கும்போது 10 மில்லி செகண்ட் வந்தது அப்ப 400-ஐத் தாண்டினா, வரிசை உங்க பெட்டியிலதான் நிக்குது.