சும்மா ஜாலிக்குச் சொன்னேன் மச்சி!

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. செமஸ்டர், அரியர், ரெக்கார்டு நோட்டு என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். உண்மைக் காரணம் சோம்பேறித்தனம். இன்றைக்கு எழுத வைத்தது கோபம். வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். (நடுநடுவே மொக்கையும் வரும், பழக்க தோஷம் :-))

எங்கள் ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தினமும் ஒரு மாநாடு கூடும். வருகைப் பதிவு கிடையாது, ஆனாலும் கிளாஸை விடக் கூட்டம் அதிகம். ஜிம்முக்குப் போகிறவன் தினம் எத்தனை முட்டை சாப்பிட வேண்டும், போர் தண்ணியில் குளித்தால் முடி கொட்டுமா, எந்த டிபார்ட்மெண்ட் பொண்ணு யாரைத் திரும்பிப் பார்த்தாள் என்று உலகப் பிரச்சினைகள் எல்லாம் அலசப்படும். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "நீ என்னடா, லைட்டை அணைச்சா பல்லு மட்டும்தான் தெரியும்!" உடனே எல்லாரும் சிரிப்போம். சொல்லப்பட்டவனும் சிரிப்பான். சிரிக்கவில்லை என்றால் 'சீன் போடுறான்' என்று அதற்கும் ஒரு ரவுண்டு ஓட்டுவோமே.

என் ரூம்மேட் ஒருவன். பெயர் வேண்டாம், மாப்ள என்று வைத்துக்கொள்வோம். கரிசல்காட்டுக்காரன், வெயிலில் கிரிக்கெட் ஆடியே வளர்ந்தவன். மேலே சொன்ன பல்லு டயலாக் அவனுக்காகவே தயாரிக்கப்பட்டது. தயாரித்தது அடியேன்.

போன வருஷம் மாப்ள பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் "முகம் கலராகணும்ணே" என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் சின்னதாக ஒரு ட்யூபை எடுத்து நீட்டி, "நைட்டு போட்டுட்டுப் படுங்க தம்பி, பத்து நாள்ல தெரியும்" என்றாராம். டாக்டர் சீட்டெல்லாம் அவரும் கேட்கவில்லை, இவனும் காட்டவில்லை. பத்து நாளில் நிஜமாகவே தெரிந்தது. மாநாட்டில் பாராட்டு விழா நடத்தினோம். "மச்சி, ஹீரோ ஆயிட்டடா!"

மூன்று மாசம் கழித்துப் பரீட்சை நேரத்தில் க்ரீமை நிறுத்தினான். நாலே நாளில் முகம் சிவந்து, எரிந்து, கன்னம் முழுக்கப் பரு. வெயிலில் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை. பயந்து மறுபடி போட்டான், அடங்கியது. நிறுத்தினான், முன்பை விட மோசமாகத் திரும்பி வந்தது. கடைசியில் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் ட்யூபைப் படித்துவிட்டுச் சொன்னது, "தம்பி, இது அழகு க்ரீம் இல்ல, மருந்து."

அதில் மூன்று சரக்கு இருந்தது. ஒரு ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். 1975-ல் அமெரிக்காவில் க்ளிக்மேன், வில்லிஸ் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் வெளியிட்ட மூன்று மருந்துக் கலவையின் வாரிசு. மங்கு மாதிரியான பிரச்சினைகளுக்கு, டாக்டர் கண்காணிப்பில், கொஞ்ச காலத்துக்கு மட்டும் போடவேண்டியது. கண்டபடி பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு வரும், முகத்தில் வேண்டாத இடத்தில் முடி கூட முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல், எரிச்சலுக்குப் பயந்து மறுபடி க்ரீம். குடிகாரன் கதையேதான், பாட்டில் மட்டும் சின்னது. இப்படிக் கெட்டுப்போகும் முகத்துக்கு நம் ஊர் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை மாப்ளைகள் இருப்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துப் பட்டியலில் கொண்டுவந்தது. பட்டியல் பட்டியலாக இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக இருக்கிறது.

இன்னொரு ரகமும் உண்டு. கேரளாவில் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு வழக்கத்தில் அரிதான ஒரு வகை. அந்த 15-ல் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். காரணம் பாதரசம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். பாதரசம் மெலனின் உற்பத்தியைத் தடுக்கும், தோல் வழியாக உள்ளே போய்க் கிட்னியையும் பதம் பார்க்கும். முகத்துக்குப் பூசியது கிட்னியில் போய் நிற்கிறது!

இவ்வளவுக்கும் விரட்டப்படுகிற அந்த மெலனின் என்ன தப்பு செய்தது? வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தோலைக் காப்பாற்றுகிற இலவசக் குடை அது. அதைத் தயாரிக்கும் செல்கள் வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். உற்பத்தியும் விநியோகமும்தான் வேறு. நம்ம ஃபேக்டரி மூணு ஷிஃப்ட் ஓடுகிறது, அவ்வளவே. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் அக்காவுக்குக் குங்குமப்பூ பால் கொடுத்தாலும் இந்த ஷிஃப்ட் மாறாது, அது அப்பா அம்மாவின் மரபணு போட்ட டைம்டேபிள்.

"அதெல்லாம் சரி, வெள்ளையா இருந்தா புடிக்குது, அது என் ரசனை" என்று ஒருத்தன் மாநாட்டில் சொன்னான். ஒருத்தனுக்குப் பிடித்தால் ரசனை. இருபது பேருக்கும் அச்சு அசலாக ஒன்றே பிடித்தால் அது சிலபஸ் ராசா. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல்தான் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றியது. நடுவில் 45 வருஷம். வேலை கிடைக்காத பொண்ணு, மாப்பிள்ளை கிடைக்காத பொண்ணு, க்ரீம் பூசியதும் எல்லாம் கிடைத்த பொண்ணு என்று விளம்பரம் பார்த்தே வளர்ந்தோம். ஆம்பளைங்க மட்டும் பாக்கி என்று 2005-ல் ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸமும் வந்தது. நம்ம சினிமாவோ, ஹீரோ எந்தக் கலரிலும் இருக்கலாம், ஹீரோயின் மட்டும் ட்யூப்லைட்டாக இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறது.

நம்ம பழைய சிலபஸ் வேறு. சங்கப் பாட்டில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை, மாந்தளிர் நிறம். காதலன் பிரிந்து போனால் அந்த நிறம் வெளிறிப்போகும். அதற்குப் பெயர் பசலை. அதைப் புலம்ப வள்ளுவர் ஒரு முழு அதிகாரமே (119) ஒதுக்கியிருக்கிறார். வெளிறிப்போவது அவர்களுக்கு நோய். நாம் அந்த நோயைக் காசு கொடுத்து ட்யூபில் வாங்குகிறோம்.

க்ரீம் கம்பெனியைத் திட்டுவது சுலபம், சினிமாவைத் திட்டுவது இன்னும் சுலபம். ஆனால் மாப்ளையை அந்தக் கடைக்கு அனுப்பியது விளம்பரம் இல்லை. டாக்டர் ரூமுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "ஏன்டா இந்தக் கருமத்தைப் போட்ட?" என்று கேட்டேன். "டெய்லி நீங்க சிரிப்பீங்கல்ல, ஒரு நாளாவது சிரிக்காம இருப்பீங்கன்னுதான்" என்றான். நான் வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். 'சும்மா ஜாலிக்குத்தானே மச்சி'. வரவில்லை.

அதனால் சொல்கிறேன். கிண்டல் பண்ணுங்கள். அவன் போடும் மொக்கை ஜோக்கை, துவைக்காத ஜீன்ஸை, ஒன்பது அரியரை ஓட்டுங்கள். அதெல்லாம் அவனால் மாற்றக்கூடியது (அரியர் சந்தேகம்தான்). தோலை விட்டுவிடுங்கள். இன்று ராத்திரி மாநாட்டில் எவனாவது ஆரம்பித்தால், ஒருத்தராவது சிரிக்காமல் இருங்கள். நான் ஆரம்பித்துவிட்டேன். 'சீன் பார்ட்டி' என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை.

மாப்ள இப்போது தேவலை. எரிச்சல் குறைந்திருக்கிறது. முழுசாகச் சரியாக இன்னும் சில மாதம் ஆகுமாம். வெயிலில் கர்ச்சீப் கட்டிக்கொண்டுதான் வருகிறான். கிரிக்கெட் இன்னும் ஆடவில்லை.

பி.கு: உங்கள் ஷெல்ஃபில் சீட்டு இல்லாமல் வாங்கிய ட்யூப் இருந்தால் ஒரு தடவை பின்பக்கம் படியுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் நேராகத் தோல் டாக்டரிடம் போங்கள். ரொம்ப நாளாகப் போட்டு வந்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். ஹாஸ்டல் மாநாட்டில் கேட்காதீர்கள், அங்கே எல்லாரும் என்னை மாதிரி டாக்டர்கள்தான் :-(