சந்தேகிக்கும் உரிமை

டாஃப்னி டு மோரியே 1951ஆம் ஆண்டு வெளியிட்ட 'மை கசின் ரேச்சல்' என்னும் ஆங்கில நாவலைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், ரேச்சல் தன் கணவனுக்கு நஞ்சு கொடுத்தாளா என்ற வினாவே முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு விடை தேடுவதிலேயே வாசிப்பு முடிந்துவிடுமானால், அவளைச் சந்தேகிக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்ற பெரிய வினா கவனிக்கப்படாமலே போய்விடும்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலில், பணிப்பெண்கூட இல்லாத ஒரு பண்ணை வீட்டில், ஒன்றுவிட்ட அண்ணன் ஆம்ப்ரோஸால் வளர்க்கப்பட்ட அனாதை பிலிப். உடல்நலம் தேடி இத்தாலிக்குப் போன ஆம்ப்ரோஸ், ஃபுளோரன்ஸ் நகரில் ரேச்சல் என்ற விதவையை மணந்து, பின்னர் அவள்மீது ஐயம் தெரிவித்துக் கடிதங்கள் எழுதி, அங்கேயே இறந்துபோகிறான். அவளை வெறுத்தபடி காத்திருந்த பிலிப், அவள் கார்ன்வாலுக்கு வந்து சேர்ந்த சில நாட்களிலேயே அவள்மீது மோகம் கொள்கிறான். பாழடைந்த மாளிகை, பழைய குற்றம், மனத்தை அரிக்கும் அச்சம் ஆகியவற்றின்மேல் எழுப்பப்படும் கோதிக் புனைவு, 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை'யிலிருந்து தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. அம்மரபின் அச்சத்தைக் கோட்டைச் சுவர்களிலிருந்து எடுத்து, கதை சொல்பவனின் மனத்துக்குள்ளேயே குடியேற்றியது டு மோரியேயின் பெரும் சாதனை.

நாவல் முழுவதும் பிலிப்பின் வாய்மொழியாகவே வருகிறது. தன் ஆசையாலோ அறியாமையாலோ நிகழ்ந்ததைத் திரித்துச் சொல்லக்கூடியவனை, இலக்கியத் திறனாய்வாளர்கள் 'நம்பகமற்ற கதைசொல்லி' என்பர். ரேச்சலின் சிரிப்பும் மௌனமும் அவள் காய்ச்சித் தரும் மூலிகைக் கஷாயமும் பிலிப்பின் கண் வழியாக மட்டுமே வாசகரை எட்டுகின்றன. 1952, 2017 ஆகிய ஆண்டுகளில் வந்த திரைப்படங்களில் நடிகையின் முகம் பார்வையாளருக்கு நேரடியாகவே கிடைத்துவிடுவதால், எழுத்தின் இந்த மூச்சுமுட்டல் அவற்றில் பாதியளவே எஞ்சுகிறது.

சொத்து பற்றிய பகுதிகளை விரைந்து கடப்பவர்கள் நாவலின் நடுநரம்பையே தவறவிடுகிறார்கள். கதை நிகழும் காலமாக ஊகிக்கத்தக்க 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கிலாந்துச் சட்டப்படி, மணமான பெண்ணின் பணமும் நகையும் பொதுவாகக் கணவனுடையவையாகிவிடும். 1870, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்களே இந்நிலையை மாற்றின. ஆகவே ஒரு பெண் தன் உடைமைக்குத் தானே உரியவளாக இருக்க வழிவிட்ட மிகச் சில நிலைகளுள் கைம்மையும் ஒன்று. தனக்கு 25 வயது நிறைந்ததும் பிலிப் பண்ணையையும் குடும்ப நகைகளையும் ரேச்சலுக்கே எழுதிக் கொடுக்கிறான். ஆனால் அவள் மறுமணம் செய்தால் சொத்து அவனிடமே திரும்பும் என்ற நிபந்தனை அந்தப் பத்திரத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. பிறரை மணந்தால் பத்திரம் அதைப் பறிக்கும். பிலிப்பையே மணந்தால் சட்டம் அதை அவனிடம் சேர்க்கும். கொடுத்ததை நன்றிக்கொடையாக அவள் கொள்ள, திருமண ஒப்புதலாக அவன் கொள்கிறான். அவள் மறுத்த இரவில் அவன் கைகள் அவள் கழுத்தைப் பற்றுகின்றன. கொடை அளித்த கையே கழுத்தையும் நெரிக்க வருவதை, காதலின் வேகம் என்று மென்மையாக்கிச் சொல்வது பிழையான வாசிப்பு.

பிலிப் நோயுற்று எழுந்தபின் அவள் அறையில் நச்சுத்தன்மை கொண்ட லபர்னம் மரத்தின் விதைகள் அகப்படுகின்றன. ஆயினும் ஆம்ப்ரோஸின் தந்தை மூளைக்கட்டியால் இறந்தவர் என்பதால், அவனுடைய கடிதங்களே நோயின் பிதற்றலாகவும் இருக்கலாம். சான்றுகள் இரு திசையிலும் சமமாகச் சாய்கின்றன. ஒன்று மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது: தோட்டத்தில் கட்டப்பட்டுவரும் பாலம் ஆள் பாரம் தாங்காது என்று வேலையாள் பிலிப்பிடம் எச்சரித்திருக்கிறான், ரேச்சல் அப்பக்கம் உலாவச் செல்வது தெரிந்தும் பிலிப் வாய் திறக்கவில்லை. அவள் விழுந்து இறந்தபின் குற்ற விசாரணை எதுவும் நாவலில் வருவதில்லை. அவளைப் பற்றிய தீர்ப்பைக் கேட்பவனாகவும் எழுதுபவனாகவும் பிலிப் ஒருவனே மிஞ்சியிருக்கிறான், அந்தப் பண்ணையின் உரிமையாளனாக.