துடைத்தாலும் திரும்ப வரும் சிவப்புப் படலம்... கடல்மீன் தொட்டியில் என்னதான் பிரச்னை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டியைச் சுத்தம் செய்து, மணல்மீது படர்ந்திருந்த சிவப்புப் படலத்தை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்திருப்பார்கள். புதன்கிழமை மதியம் பார்த்தால், அதே மூலையில் மெரூன் வெல்வெட் துணியை விரித்ததுபோல மறுபடியும் படிந்திருக்கும். அதன்மேல் குட்டிக் குட்டியாகக் காற்றுக் குமிழ்கள் வேறு. கப்பி, கோல்டு ஃபிஷ் என நன்னீரில் பழகிவிட்டு, கிளவுன் ஃபிஷ் ஆசையில் கடல்நீர்த் தொட்டிக்கு மாறியவர்களில் பெரும்பாலானவர்கள் ஒருமுறையாவது இதோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். 'பாசிதானே, போகப்போகச் சரியாகிடும்' என்று விட்டுவிடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால், இது பாசியே இல்லை. சயனோபாக்டீரியா என்கிற நுண்ணுயிரி. செடிகளைப் போலவே வெளிச்சத்தில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளிவிடும். அந்தக் குமிழ்கள் அதனால்தான். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதற்குக் காரணமே இவைதான் என்கிறது அறிவியல். உடம்புக்கு நல்லது என்று மாத்திரையாக விற்கும் ஸ்பைருலினாவும் இதே வகையறாதான். அத்தனை கோடி ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஒன்றை, ஒரு பழைய டூத் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்து விரட்டிவிட முடியாது.

பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டுமே பிரச்னை என்றால் விட்டுவிடலாம். இந்தப் படலம் பவளத்தின் அடிப்பகுதியில் ஏறினால், வெளிச்சமும் நீரோட்டமும் கிடைக்காமல் அதன் சதை கொஞ்சம் கொஞ்சமாக அழுகும். மணலை மூடிவிட்டால் அடியில் காற்றில்லாமல் கெட்டுப்போகும். பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் இதே உயிரி, விளக்கை அணைத்ததும் மீன்களுக்குப் போட்டியாக ஆக்சிஜனை இழுக்கும். மாதக்கணக்கில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வளர்த்த தொட்டி இரண்டே வாரத்தில் மங்குவதைப் பார்ப்பது லேசான வருத்தம் இல்லை.

வந்திருப்பது அதுதானா?

மருந்து வாங்க ஓடுவதற்கு முன்னால் இதை உறுதிசெய்ய வேண்டும். சயனோ என்றால், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பால் ஆடை மாதிரி ஒரே தாளாக உரிந்து வரும். நிறம் பெரும்பாலும் சிவப்பு அல்லது மெரூன். சில நேரம் கரும்பச்சை. மதியம் அடர்த்தியாகவும், விடிகாலையில் கொஞ்சம் குறைந்தும் தெரியும். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணல்மேல் மாவு தூவியதுபோல வரும் பழுப்புப் படிவு வேறு. அது டயாட்டம், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

குழப்புவது மூன்றாவது ஆள்தான். டைனோஃபிளாஜெலேட் எனப்படும் இது பழுப்பாக, சளிபோல இழை இழையாகத் தொங்கி, நுனியில் குமிழோடு இருக்கும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் எடுத்து, தொட்டித் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் பேப்பர் அல்லது டிஷ்யூ பேப்பரில் வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மறுபடியும் இழையாகத் திரண்டால் அநேகமாக டைனோ. அதற்கான வைத்தியமே வேறு. சயனோவுக்குச் செய்வதையெல்லாம் செய்தால் டைனோ இன்னும் கொழுக்கக்கூடும்.

டெஸ்ட் கிட் 'ஜீரோ' காட்டுகிறதே?

பலரும் தடுமாறுவது இங்கேதான். 'நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட்டும் ஜீரோ. தண்ணீர் இவ்வளவு சுத்தமா இருந்தும் ஏன் வருது?' என்று கேட்பார்கள். டெஸ்ட் கிட் பொய் சொல்லவில்லை. ஆனால், அது காட்டுவது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும்தான். உள்ளே வரும் சத்தையெல்லாம் அந்தப் படலமே தின்றுகொண்டிருந்தால் மிச்சம் எங்கிருந்து வரும்? சாப்பாடு முடிந்த பந்தியில் நின்று, 'இங்கே சோறே இல்லையே' என்று சொல்வதுபோலத்தான் இது.

இன்னொன்றும் இருக்கிறது. சயனோபாக்டீரியாவில் சில வகைகளுக்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே உணவாக மாற்றிக்கொள்ளும் திறமை உண்டு. தொட்டியில் நைட்ரேட் சுத்தமாகத் தீர்ந்துபோனால் மற்ற பாசிகளும் பவளத்துக்குள் வாழும் பாசிகளும் பட்டினி கிடக்கும். இவற்றுக்கு மட்டும் கவலையில்லை. பாறைக்குள்ளும் மணலுக்குள்ளும் பல மாதங்களாகச் சேர்ந்த பாஸ்பேட் மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். எனவே நைட்ரேட்டை ஜீரோவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அலைவது பல வீடுகளில் பிரச்னையை வளர்க்கவே செய்கிறது. நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். என்ற அளவில் நிலையாக இருந்தால் பவளம் உள்ள தொட்டிக்கு அது நல்ல அளவு. பாஸ்பேட் உறிஞ்சும் பொடியை அள்ளிப் போடுவதும் இதே காரணத்தால் ஆபத்து. இரண்டும் ஒரேயடியாக ஜீரோவான தொட்டிதான் மேலே சொன்ன டைனோவுக்குப் பிடித்த இடம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நம் ஊரில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. போர்வெல் தண்ணீரில் உப்பைக் கலந்து ஊற்றுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 'வீட்டில் ஆர்.ஓ. இருக்கே' என்பவர்கள் அடுத்த ரகம். குடிநீருக்கான பல ஆர்.ஓ. மெஷின்களில், சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் அமைப்பு இருக்கிறது. அது மனிதர்களுக்குச் சரி, பவளத் தொட்டிக்குச் சரியில்லை. ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ரெசின் ஒன்றையும் கடந்து, டி.டி.எஸ். மீட்டரில் ஜீரோ காட்டும் தண்ணீர்தான் வேண்டும். மீட்டர் ஒன்றும் பெரிய செலவில்லை. ஆவியான தண்ணீருக்குப் பதிலாகத் தினமும் ஊற்றுவதும் இதே தண்ணீராக இருக்க வேண்டும். உப்புக் கலவைக்கு நல்ல தண்ணீர், தினசரி ஊற்றுவதற்குக் குழாய்த் தண்ணீர் என்று பிரித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

இனி, வேலை

முதலில் படலத்தை எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் துண்டு துண்டாகச் சிதறி, தொட்டி முழுக்கப் புது இடம் பிடிக்கும். பவர்ஹெட்டை நிறுத்திவிட்டு, மெல்லிய ஏர் டியூப் வழியாக வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவிகிதத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி வெளியேற்றுங்கள். மேல் மணலையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வாரத்துக்குக் கால் பகுதி என்ற கணக்கில் சுத்தம் செய்யலாம். பல வருட மணலை ஒரே நாளில் கிளறினால் அடியில் தேங்கிய நச்சு வாயு மேலே வந்து மீன்களைக் கொல்லும்.

அடுத்து நீரோட்டம். படலம் வரும் இடத்தை ஒரு வாரம் கவனித்தாலே போதும். தண்ணீர் தேங்கும் மூலையைத் தொட்டியே காட்டிக்கொடுக்கும். பவர்ஹெட்டை அந்தப் பக்கம் திருப்புங்கள். உறைந்த உணவை அப்படியே போடாமல், கரைத்து வலையில் வடிகட்டி, மீன்மட்டும் கொடுங்கள். ஃபில்டர் பஞ்சை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றினால், அதில் சிக்கிய கழிவு உள்ளேயே அழுகாது. விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும். வோட்காவோ வினிகரோ ஊற்றி நைட்ரேட்டைக் குறைக்கும் பழக்கம் இருந்தால், மெதுவாகக் குறைத்து நிறுத்திப் பாருங்கள். அந்த கார்பனும் இவற்றுக்குத் தீனியாகலாம். 'நத்தை வாங்கி விட்டா தின்னுடும்' என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலான நத்தைகள் இதைத் தொடுவதில்லை.

இதற்கும் அடங்கவில்லை என்றால் மூன்று நாள் இருட்டு. படலத்தை முடிந்தவரை உறிஞ்சிவிட்டு, விளக்கை அணைத்து, வெளிச்சம் புகாமல் போர்வையால் மூடி, ஏர் பம்ப்பை இடைவிடாமல் ஓட விடுங்கள். உணவு மிகக் குறைவாக இருக்கட்டும். முடிந்ததும் தண்ணீர் மாற்றுங்கள். ஆரோக்கியமான பவளம் பொதுவாக இதைத் தாங்கும். ஏற்கெனவே வெளிறிய பவளம் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை

எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் இரண்டே நாளில் படலம் மறையும் என்ற யோசனை வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகிறது. மறையும் என்பது உண்மைதான்; இது பாக்டீரியா, அது ஆன்டிபயாடிக். ஆனால், மொத்தமாகச் செத்த படலம் தண்ணீரில் அழுகும்போது ஆக்சிஜன் சட்டென இறங்கும். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிவாங்கினால் அம்மோனியா ஏறும். ஒரே இரவில் எல்லா மீனும் மிதப்பது இப்படித்தான். தவிர, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. தொட்டித் தண்ணீரோடு சாக்கடையில் கலந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர வழி கிடைக்கும். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த மாதமே படலம் திரும்பும். அப்போது இன்னும் ஒரு மாத்திரையா?

வெறுத்துப்போய், பாறையை எடுத்து வெந்நீரில் கொதிக்க வைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஜோவாந்தஸ் வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. கொதிக்கும் ஆவியோடு அது பரவி, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. பாறையைத் தொடும்போதும் கையுறை அவசியம். கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம்.

அதேபோல, 'புது லைவ் ராக் போட்டா சரியாகிடும்' என்று யாராவது மன்னார் வளைகுடா பாறையைக் குறைந்த விலைக்குத் தந்தால் வாங்காதீர்கள். நம் கடலின் பாறைப் பவளங்கள், 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. எடுப்பது மட்டுமல்ல, விற்பதும் வாங்குவதும் குற்றம். வெளிநாட்டுப் பவளம் என்று கடைக்காரர் சொன்னால், அதற்கான ஆவணங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் தண்ணீர் 25, 26 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனாலும் இந்தப் படலம் குஷியாகிவிடும் என்பதால், மே மாதத்தில் சில்லரின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கரன்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பலன் தெரிய ஐந்தாறு வாரம் ஆகலாம். அதுவரை வாரா வாரம் ஒரே நேரத்தில் நைட்ரேட், பாஸ்பேட் அளவைப் பார்த்து நோட்டில் எழுதி, தொட்டியை ஒரே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். படலம் குறைகிறதா, கூடுகிறதா என்பது தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது.